ஹெட் ஆபீஸும் தாமிரபரணியும்: ஆடி மாதத்து நெல்லைப் பயணம்

திங்கள், பாளையங்கோட்டை

ஐரோப்பிய இயந்திர நிறுவனம் ஒன்றின் சென்னைத் துணை நிறுவனத்தில், நிதித் திட்டப் பிரிவில் வேலை பார்க்கிறேன். அரையாண்டு மறுமதிப்பீட்டைத் தலைமையகத்துக்கு அனுப்பிய கையோடு விடுப்பு எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்கு வந்திருக்கிறேன். சாரல் காலத்தில் திருநெல்வேலிக்கு வருகிறவர்கள் குற்றாலத்துக்குப் போவார்கள். நான் போக நினைத்திருப்பது வேறு இடங்களுக்கு. எங்கோ தொலைவிலிருந்த, இன்றும் இருக்கிற தலைமையகங்கள் இந்தச் சீமையில் ஊன்றிய ஆலைகளையும் தோட்டங்களையும் காற்றாடிகளையும் பார்த்துவிட்டு, அங்கங்கே யார் கை ஓங்கியிருந்தது, ஏன் ஓங்கியது என்பதை அன்றன்று இரவே எழுதிப் பதிவிட எண்ணம். காரை ஓட்ட அத்தான் ஒத்துக்கொண்டார். அவர் இங்கே ஆடிட்டர். என் தொழிலின் மறுபக்கத்தைத் தினமும் பார்க்கிறவர்.

வெளியே இருந்து பார்ப்பவர்களுக்குத் தலைமையகம் கட்டளையிடும், கிளை கைகட்டி நிற்கும் என்றுதான் தோன்றும். உள்ளே நடப்பதற்கு ஒரு சின்ன உதாரணம் சொல்கிறேன். ஒவ்வோர் ஆண்டும் பட்ஜெட்டுக்கென்று தலைமையகத்திலிருந்து ஓர் எக்செல் கோப்பு வரும். விற்பனை வளர்ச்சி என்ற வரியில் ஒரு கட்டம் மட்டும் சாம்பல் நிறத்தில் இருக்கும். அதற்குள் எண்ணை அவர்களே இட்டுப் பூட்டியிருப்பார்கள். சுட்டியை வைத்தால், மாற்ற அனுமதி இல்லை என்ற அறிவிப்பு வரும். மற்ற கட்டங்களை நாங்கள் நிரப்பிக்கொள்ளலாம். பூட்டிய கட்டத்துக்குப் பதில் சொல்ல எங்களிடம் ஜெனரேட்டர் டீசல், இதரப் பராமரிப்பு, பயிற்சி என்று சில செலவுத் தலைப்புகள் உண்டு. அங்கே கொஞ்சம் கூட்டி எழுதுவோம். கூட்டி எழுதியிருப்பார்கள் என்று தெரிந்தே அவர்கள் வெட்டுவார்கள். வெட்டுவார்கள் என்று தெரிந்தே நாங்கள் கூட்டியிருப்போம். சென்னையில் மழைக்காலத்தில் மின்வெட்டு எத்தனை மணி நேரம் இருக்கும் என்பது அவர்களுக்குத் தெரியாது, எங்களுக்குத் தெரியும். அந்த ஒரு தகவல்தான் எங்கள் பலம். அடுத்த ஆண்டு எங்களுக்கு மூலதனம் உண்டா இல்லையா என்பது அவர்கள் கையில்.

இரவுச் சாப்பாட்டின்போது அத்தான் ராயல்டி பற்றிப் பேச்செடுத்தார். தொழில்நுட்பத்துக்காகவும் பெயருக்காகவும் தாய் நிறுவனம் துணை நிறுவனத்திடம் வாங்கும் தொகை அது. 2009 டிசம்பர் வரை அரசின் தனி அனுமதி இல்லாமல் தொழில்நுட்பத்துக்கு உள்நாட்டு விற்பனையில் 5 சதவீதத்துக்கும் ஏற்றுமதியில் 8 சதவீதத்துக்கும் மேல் அனுப்ப முடியாது. அந்த உச்சவரம்பு நீங்கிய பிறகு, அரசு நின்ற இடத்தில் வேறு யாராவது நின்றாக வேண்டியதாயிற்று. 2024 மே மாதம் நெஸ்லே இந்தியா தன் சுவிட்சர்லாந்துத் தாய் நிறுவனத்துக்குத் தரும் ராயல்டியை விற்பனையில் 4.5 சதவீதத்திலிருந்து படிப்படியாக 5.25 சதவீதமாக்க ஒப்புதல் கேட்டது. இப்படிப்பட்ட தீர்மானத்தை ஆதரித்துத் தாய் நிறுவனம் வாக்களிக்க முடியாது என்பது விதி. மற்ற பங்குதாரர்கள் சேர்ந்து அதைத் தோற்கடித்தார்கள்.

“பாதிக்கு மேல பங்கு வச்சிருக்கவன் வாயத் திறக்க முடியாம உக்காந்திருந்தான் பாத்தியா, அதுதாம்மா சட்டம்” என்றார் அத்தான். பாதிக்கு மேல் பங்கு வைத்திருப்பதும் ஆள்வதும் வேறு வேறு என்பதை இந்தப் பக்கத்துக் காற்றாடிக்காரர்கள் இன்னும் நன்றாக அறிவார்கள். அது வெள்ளிக்கிழமைக்கு.

செவ்வாய், கங்கைகொண்டான்

மதுரைச் சாலையில் வடக்கே போனால் கங்கைகொண்டான் சிப்காட். ஒரு பக்கம் புள்ளிமான்களுக்கான சரணாலயம், மறுபக்கம் தொழிற்பேட்டை. மான்கள் எப்படியோ இரண்டையும் சமாளித்துக்கொண்டு வாழ்கின்றன.

பேட்டையிலிருந்து வெளியே வந்த ஒரு டிரெய்லரில் டிராக்டருக்கும் காட்டுவேலை இயந்திரங்களுக்குமான டயர்களை நிறுத்திக் கட்டியிருந்தார்கள். அவற்றின் பக்கத்தில் நின்று கயிற்றை இழுத்துப் பார்த்த கிளீனர் பையனின் தலை டயரின் விளிம்புக்குக் கீழேயே இருந்தது. இங்கே அந்த டயர்களைச் செய்யும் ஆலையின் வரலாறு, தலைமையகம் என்பதே எவ்வளவு நிலையற்றது என்பதற்கு நல்ல பாடம். அலையன்ஸ் என்பது இஸ்ரேலில், ஹடேரா நகரில் தொடங்கிய டயர் நிறுவனம். அதை 2007-ல் இந்தியத் தொழில்முனைவோர் குடும்பம் ஒன்று, வார்பர்க் பின்கஸ் என்ற அமெரிக்க முதலீட்டு நிறுவனத்தின் பணத்துணையோடு வாங்கியது. அதன் பிறகே கங்கைகொண்டானில் ஆலை எழுந்தது. 2013-ல் வார்பர்க் பின்கஸின் இடத்துக்கு இன்னொரு அமெரிக்க முதலீட்டு நிறுவனமான கே.கே.ஆர். வந்தது. 2016-ல் ஜப்பானின் யோகோஹாமா ரப்பர் மொத்தத்தையும் வாங்கிக்கொண்டது. பத்தாண்டுக்குள் மேலிடம் மூன்று முறை கைமாறிய அதே காலத்தில் இங்கே ரப்பர் கலவையும் அச்சும் ஷிப்டு மணியும் தம் பாட்டில் ஓடின.

நான் கவனித்தவரை, இப்படி மாறும்போது மேலிடத்தின் குணமும் மாறும். முதலீட்டு நிறுவனம் தலைமையகமாக இருந்தால் அதற்கு வேண்டியது நல்ல விலைக்கு விற்கக்கூடிய கணக்கு. எத்தனை பேர், எந்த இயந்திரம் என்பதில் அது பெரும்பாலும் தலையிடாது. அதே தொழிலில் இருக்கும் நிறுவனம் தலைமையகமானால், டயரின் கலவையிலிருந்து தரைக்கு அடிக்கும் பெயின்ட் வரை எல்லாவற்றுக்கும் ஒரு முறை எழுதி அனுப்பும். முதலாமவரிடம் கிளைக்குச் சுதந்திரம் அதிகம், எதிர்காலம் குறைவு. இரண்டாமவரிடம் நேர்மாறு. கிளையில் வேலை பார்க்கிறவர்கள் இரண்டில் எதை விரும்புவார்கள் என்று என்னைக் கேட்டால், வயதைப் பொறுத்தது என்பேன்.

அதே பேட்டையில் குளிர்பானம் நிரப்பும் ஆலைகளும் உண்டு. அட்லாண்டாவின் கொக்கோ கோலா நிறுவனம் இங்கே தன் பானத்தைத் தானே நிரப்புவதில்லை. உரிமம் பெற்ற நிரப்புநருக்குச் செறிவை, அதாவது பானத்தின் கெட்டியான மூலக் கலவையை, விற்கிறது. தண்ணீர், மின்சாரம், தொழிலாளர், ஊர்ப் பகை எல்லாம் நிரப்புநரின் பாடு. பெயரையும் செறிவையும் கையில் வைத்திருப்பவர்களுக்கு ஆலைக்குச் சொந்தக்காரராக வேண்டிய தேவையே இல்லை. ஆனாலும் ஊர்க்காரர்கள் இந்தப் பிரிவினையை மதிக்கவில்லை. 2016 நவம்பரில் குளிர்பான ஆலைகளுக்குத் தாமிரபரணித் தண்ணீர் கொடுக்க உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இடைக்காலத் தடை விதித்தது. 2017 மார்ச் தொடக்கத்தில் தடை நீங்கிய அதே வாரத்தில் தமிழ்நாட்டு வணிகர் சங்கங்கள் கோக்கையும் பெப்சியையும் விற்பதில்லை என்ற தங்கள் முடிவை நடைமுறைக்குக் கொண்டுவந்தன. போராட்டத்தில் ஒலித்தது நிரப்புநரின் பெயர் இல்லை, பாட்டிலின் மேல் அச்சிட்ட பெயர்தான். பொறுப்பைத் தள்ளிவிட்டாலும் பெயரைத் தள்ளிவிட முடிவதில்லை.

புதன், விக்கிரமசிங்கபுரம்

காலையில் பாபநாசம் கோயிலில் இறங்கினோம். படித்துறையில் கூட்டம், ஆற்றில் நல்ல தண்ணீர். கோயிலிலிருந்து சற்றுத் தூரத்திலேயே நூற்பாலை. வி.கே.புரத்தில் வழி கேட்டால் இன்றும் ‘ஹார்வி மில்’ என்றால்தான் வயசாளிகளுக்குச் சட்டென்று புரிகிறது.

ஸ்காட்லாந்துக்காரர்களான ஹார்வி சகோதரர்கள் 1880-களில் இங்கே ஆலை தொடங்கியதற்குக் காரணம் அருவி. மலையிலிருந்து இறங்கும் தாமிரபரணியின் விசையே இயந்திரங்களைச் சுற்றியது. அரசின் பாபநாசம் நீர்மின் நிலையம் வந்தது 1944-ல். அதற்கு அரை நூற்றாண்டுக்கு மேல் முன்பே ஆற்றை வேலைக்கு வைத்தவர்கள் இவர்கள். பிறகு தூத்துக்குடியில் கோரல் மில், மதுரையில் இன்னொன்று என்று விரிந்து, எல்லாம் மதுரா மில்ஸ் என்ற பெயருக்குள் வந்தன.

அன்றைய ஏற்பாட்டில் என்னைக் கவர்வது தலைமையகம் இருந்த இடம். ஏ. அண்ட் எஃப். ஹார்வி என்பது மேனேஜிங் ஏஜென்சி. ஆலையின் பங்குதாரர் யாராக இருந்தாலும், நிர்வாகம் ஒப்பந்தப்படி ஏஜென்சியின் கையில். பஞ்சு வாங்குவது, நூல் விற்பது, கப்பல் ஏற்றுவது, ஆள் எடுப்பது எல்லாம் அவர்களே தீர்மானிப்பார்கள். ஏஜென்சிக்குக் கமிஷன் உண்டு. அதாவது அதிகாரம் கடல் கடந்து இருக்கவில்லை. தூத்துக்குடியிலும் மதுரையிலும் பங்களா கட்டிக்கொண்டு குடியிருந்தது. இன்றைய நிறுவன அமைப்பில் இதற்குச் சமமான ஆளே கிடையாது. எங்கள் நிர்வாக இயக்குநர் கூடக் குறிப்பிட்ட தொகைக்கு மேல் கையெழுத்துப் போட வேண்டுமென்றால் சிங்கப்பூரில் இருக்கும் மண்டல அலுவலகத்தைக் கேட்டாக வேண்டும். சிங்கப்பூர் ஐரோப்பாவைக் கேட்கும்.

மேனேஜிங் ஏஜென்சி முறையை இந்திய அரசு 1970-ல் ஒழித்தது. 1973-ல் வந்த அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டம் பெரும்பாலான வெளிநாட்டு நிறுவனங்களின் பங்கை 40 சதவீதத்துக்குள் குறைக்கச் சொன்னது. கொக்கோ கோலா ஒத்துக்கொள்ளாமல் 1977-ல் நாட்டை விட்டே போனது. தங்கியவர்களின் இந்தியக் கிளைகளில் அந்தக் காலத்தில் உள்ளூர் மேலாளர்களுக்குக் கிடைத்த இடம் முன்பும் இல்லை, பின்பும் இல்லை என்று பழைய ஆட்கள் சொல்வதுண்டு. வெளிநாட்டார் வர முடியவில்லை, இறக்குமதிக்கு உரிமம் வேண்டும், தில்லியில் கோப்பு நகர வேண்டும். தில்லியை அறிந்தவர் உள்ளூர்க்காரர் மட்டுமே.

1974-ல் மதுரா மில்ஸும் ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி நகரத்துத் தையல்நூல் நிறுவனமான கோட்ஸின் இந்தியக் கிளையும் இணைந்து மதுரா கோட்ஸ் ஆனது. இதன் பிறகு நடந்ததைத்தான் எங்கள் தொழிலில் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வதுண்டு. மதுரா கோட்ஸின் ஆயத்த ஆடைப் பிரிவான மதுரா கார்மெண்ட்ஸ், லூயி ஃபிலிப், வேன் ஹூசன், ஆலன் சோலி, பீட்டர் இங்கிலாந்து ஆகிய சட்டைகளை இந்திய நடுத்தர வர்க்கத்தின் பீரோவுக்குள் கொண்டுவந்தது. கேட்டால் எல்லாம் சீமைப் பெயர்கள். ஆனால் இந்தச் சந்தையில் அவற்றுக்கு மதிப்பு உண்டாக்கியது இந்தியக் கிளையின் உழைப்பு. பிரிட்டனில் தாய் நிறுவனம் நெருக்கடியில் இருந்தது. தையல்நூலோடு நின்றுகொள்வது என்ற முடிவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. 1999-2000 வாக்கில் ஆடைப் பிரிவு ஆதித்ய பிர்லா குழுமத்துக்கு விற்கப்பட்டது. அது நன்றாக நடந்துகொண்டிருந்தது என்பதே அதற்கு நல்ல விலை கிடைக்கக் காரணம்.

ஒரு கிளை தன் திறமையால் தலைமையகத்திடம் செல்வாக்குப் பெறும் என்று மேலாண்மைப் பேராசிரியர்கள் எழுதுவார்கள். பெறும்தான், விலை, சம்பளம், புதிய இயந்திரம், யாரை அனுப்புவது என்பதிலெல்லாம் பேரம் பேசும் அளவுக்குப் பெறும். தான் அந்தக் குடும்பத்தில் இருப்பதா வேண்டாமா என்பதில் மட்டும் அதனிடம் யாரும் கேட்பதில்லை.

தலைமையகத்துக்கே இதே கதி நேர்ந்ததைச் சொல்லாமல் விட்டால் ஒருதலைப்பட்சமாகிவிடும். 2000-களின் தொடக்கத்தில் கின்னஸ் பீட் குரூப் என்ற முதலீட்டு நிறுவனம் முன்னின்று கோட்ஸை வாங்கியது. பிறகு அந்த முதலீட்டு நிறுவனம் தன்னிடமிருந்த மற்றவற்றை எல்லாம் விற்றுத் தீர்த்து, எஞ்சிய கோட்ஸின் பெயரையே 2015-ல் தனக்குச் சூட்டிக்கொண்டது. வாங்கியவர் மறைந்தார், வாங்கப்பட்டது நின்றது. அத்தானுக்கு இது மிகவும் பிடித்துவிட்டது. அம்பாசமுத்திரம் வரும்வரை சிரித்துக்கொண்டே வந்தார்.

ஆலை வாசலில் மதிய ஷிப்டுக்கு ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். டீக்கடையில் ஓய்வுபெற்ற ஒருவர், மூன்று தலைமுறையாகத் தன் வீட்டில் யாராவது ஒருவர் மில்லில் இருந்ததாகச் சொன்னார். இந்த நிறுவனத்தின் தலைமையிடம் இப்போது எங்கே என்று கேட்டேன். “மேலாபீஸு லண்டன்ல இருக்குன்னு சொல்லுதாவ. எங்களுக்கு மதுரைதாம் மேலாபீஸு” என்றார்.

வியாழன், மணிமுத்தாறு

மாஞ்சோலைக்கு மேலே போக வனத்துறை அனுமதி வேண்டும். நாங்கள் சோதனைச்சாவடி வரை போய்த் திரும்பினோம். மலை முழுக்க மேகம்.

1929-ல் சிங்கம்பட்டி ஜமீன் 8,374 ஏக்கர் காட்டை 99 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுத்தது. வாங்கியது பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷன். 1863-ல் பம்பாயில் ஸ்காட்லாந்து வாலஸ் சகோதரர்கள் பதிவுசெய்த நிறுவனம் அது. பர்மாவின் தேக்குக் காட்டில் அதற்கும் மாண்டலே அரசனுக்கும் மூண்ட தகராறுதான் 1885-ல் பிரிட்டன் பர்மா மீது படையெடுக்கச் சாக்காக அமைந்தது. ஒரு கம்பெனி தன் கிளைக் கணக்குக்காக ஒரு நாட்டின் படையையே அழைத்த காலம். இன்று அது வாடியா குழுமத்தின் கையில். வெளிநாடுகளில் பதிவான துணை நிறுவனங்கள் வழியாகப் பிரிட்டானியா பிஸ்கட் நிறுவனத்தின் பாதிக்கு மேற்பட்ட பங்கை அது வைத்திருக்கிறது. மாஞ்சோலைத் தேயிலை அதன் கணக்குப் புத்தகத்தில் எத்தனை சின்ன வரி என்பதை இதிலிருந்து ஊகிக்கலாம். தொழிலாளிக்கோ அதுதான் வீடு, பள்ளிக்கூடம், சுடுகாடு எல்லாம்.

1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தொழிலாளர்களுக்காக நெல்லையில் நடந்த ஊர்வலத்தின் மீது காவல்துறை தடியடி நடத்தியதில் தாமிரபரணிக்குள் விரட்டப்பட்டு 17 பேர் இறந்தார்கள். அன்று ஊர்வலம் போனது கொக்கிரகுளத்து ஆட்சியர் அலுவலகத்துக்கு. தோட்டம் மலையில், நிறுவனத்தின் தலைமை மும்பையில். மனுக் கொடுக்கக் கைக்கெட்டிய அதிகாரம் கொக்கிரகுளத்தில் மட்டுமே இருந்தது. 2024-ல், குத்தகை 2028-ல் முடியும் நிலையில், தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வு கொடுத்துத் தோட்டத்தை மூடும் ஏற்பாடு நடந்தது. அந்த டிசம்பரில் உயர் நீதிமன்றமும் குறுக்கிட மறுத்தது. தலைமுறை தலைமுறையாக மேலே இருந்தவர்கள் இப்போது சமவெளியில் வீடு தேடுகிறார்கள்.

இன்றைக்கு இதற்கு மேல் எழுதத் தோன்றவில்லை.

வெள்ளி, ராதாபுரம்

ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் ஆடிக் காற்றில் கார்க் கதவைத் திறப்பதற்கே பலம் வேண்டியிருந்தது. சங்கனேரி, ராதாபுரம், பணகுடி என்று கண்ணுக்கெட்டிய தூரம் வரை காற்றாடிகள். செம்மண் தேரியும் பனையும் முன்பு இந்த நிலத்துக்கு என்ன மதிப்புக் கொடுத்தன என்று யோசித்தால், இன்று ஒரு காற்றாடி நிற்கும் இடத்துக்குப் பேசப்படும் விலை திகைப்பாக இருக்கும்.

டென்மார்க்கும் ஜெர்மனியும் சொல்லிக்கொடுத்த தொழில் இது. 1980-களின் இறுதியிலிருந்து வெஸ்டாஸ், மைக்கான் போன்ற டேனிஷ் நிறுவனங்கள் இந்தியப் பங்காளிகளோடு கூட்டு நிறுவனம் வைத்து இங்கே கால் ஊன்றின. அவற்றில் பல கூட்டுகள் நாளடைவில் பிரிந்தன. பிரிவுகளிலேயே பெரியது, சட்டக் கல்லூரிகளில் இன்றும் பாடமாக நடத்தப்படுவது, எனர்கான் வழக்கு.

ஜெர்மனியின் அவ்ரிச் நகரத்தில் அலாய்ஸ் வோபென் என்ற பொறியாளர் நிறுவியது எனர்கான். 1994-ல் மெஹ்ரா குடும்பத்தோடு சேர்ந்து எனர்கான் இந்தியா தொடங்கியது. பிற்பாடு பங்கு ஜெர்மானியருக்கு 56 சதவீதம், மெஹ்ராக்களுக்கு 44 என்று ஆனது. அன்றாட நிர்வாகம் மெஹ்ராக்களிடம். புதிய காற்றாடிகளுக்கான தொழில்நுட்ப உரிமம் குறித்துத் தகராறு முற்றி, 2007-ல் ஜெர்மானியத் தரப்பு பாகங்களை அனுப்புவதை நிறுத்தியது. தலைமையகத்தின் கையில் இருந்த பெரிய ஆயுதம் அது. இந்தியத் தரப்பு அதற்குப் பணியவில்லை. வோபெனின் இந்தியக் காப்புரிமைகளே செல்லாதவை என்று சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போய், 2010-ல் அவற்றில் பலவற்றை ரத்துசெய்ய வைத்தது. நடுவர் மன்றம் எங்கே என்ற சண்டை லண்டனுக்கும் இந்தியாவுக்கும் இடையே ஆண்டுக்கணக்கில் நீண்டது. 2014 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், லண்டன் அமர்வு நடத்தும் இடம் மட்டுமே, நடுவர் மன்றத்தின் சட்டபூர்வ இருக்கை, அதாவது அதை மேற்பார்க்கும் நீதிமன்றங்கள் இருக்கும் நாடு, இந்தியாவே என்று தீர்ப்பளித்தது. இதற்கிடையே இந்திய நிறுவனம் பெயரையும் விண்ட் வேர்ல்ட் என்று மாற்றிக்கொண்டது. 56 சதவீதம் வைத்திருந்தவர் தன் நிறுவனத்தின் வாசலுக்கு வெளியே நின்றார்.

இதை உள்ளூர்க்காரரின் வெற்றி என்று கொண்டாட எனக்கு மனம் வரவில்லை. சண்டையில் ஜெயித்த நிறுவனம் 2018-ல் திவால் நடவடிக்கைக்குள் போனது. தொழில்நுட்பம் வரும் குழாயை ஒருவர் அடைக்க, காப்புரிமையின் வேரை மற்றவர் அறுக்க, காற்றாடி வாங்கிய முதலீட்டாளர்கள் நடுவில் மாட்டிக்கொண்டார்கள்.

ராதாபுரம் பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்து டீக்கடையில் காற்றாடிப் பராமரிப்பில் இருக்கும் ஒரு பையனைச் சந்தித்தோம். அவன் பார்ப்பது ஏதோ ஒரு வெளிநாட்டு வடிவமைப்பு; பெயர் வேண்டாம். கோபுரத்துக்குள் ஏணி ஏறி மேலே போவதற்கு இடுப்பில் பாதுகாப்புக் கச்சை, அதில் இரண்டு கொக்கி. இந்தக் காற்றில் மேலே நின்றால் கூண்டே ஆடும் என்று கையை அசைத்துக் காட்டினான். பிரேக் பேடு மாற்றுவது, எண்ணெய் மாற்றுவது, கியர் சத்தத்தைக் கேட்டே கோளாறு சொல்வது எல்லாம் அவனுக்கு வரும். கட்டுப்பாட்டுப் பெட்டியின் திரையில் மட்டும் சில பக்கங்களைத் திறக்க அவனுக்குக் கடவுச்சொல் கிடையாது. “அத அவிய அங்க இருந்தே மாத்துவாவ. நாம போன் போட்டுச் சொன்னா போதும்” என்றான். காற்று அடிக்கும் நாளில் அங்கிருந்து பதில் வராவிட்டால்? “காத்து நிக்குமா அதுக்காக?” என்று கேட்டுவிட்டு டீயை முடித்தான்.

தலைமையகம் இந்தியாவில், கிளை ஜெர்மனியில் என்று திருப்பிப் போட்டால் அதிகாரம் நம் பக்கம் வந்துவிடுமா? அதற்கும் இந்தக் காட்டிலேயே பதில் இருக்கிறது. சங்கனேரியில் தன் காற்றாடிகளை நிறுத்தியிருக்கும் சுஸ்லான், புனேயைத் தலைமையிடமாகக் கொண்டது. 1995-ல் துளசி தந்தி என்ற தொழிலதிபர் தொடங்கியது. 2007-ல் ஜெர்மனியின் ரீபவர் நிறுவனத்தின் கட்டுப்பாட்டைப் பெருங்கடன் வாங்கி வளைத்தது. கடலுக்குள் நிறுத்தும் பெரிய காற்றாடிகளின் தொழில்நுட்பம் அதன் குறி. ஆனால் சிறுபான்மைப் பங்குதாரர்களைக் காக்கும் ஜெர்மானியச் சட்டத்தால், 90 சதவீதம் கையில் வந்த பிறகும் கிளையின் தொழில்நுட்பத்தையும் கையிருப்பையும் சுஸ்லானால் இஷ்டம்போல எடுத்துப் பயன்படுத்த முடியவில்லை. 2011-ல் மிச்சப் பங்கையும் வாங்கிய பிறகே முழு உரிமை வந்தது. அதற்குள் கடன் கழுத்தைப் பிடித்தது. சென்வியான் என்று பெயர் மாறியிருந்த அந்த நிறுவனத்தை 2015-ல் 100 கோடி யூரோவுக்கு விற்றார்கள். ஹாம்பர்க்கில் உட்கார்ந்திருந்தவர்களுக்குப் புனேயும் ஒரு தூரத்து மேலிடம்தான். எங்கள் டீசல் கணக்குக்குச் சமமாக அவர்களிடமும் ஏதாவது இருந்திருக்கும்.

சனி, தூத்துக்குடி

1986 வரை இதுவும் திருநெல்வேலி மாவட்டம். புதன்கிழமை பார்த்த ஹார்விகளை இங்கே மறுபடி சந்திக்க வேண்டியிருக்கிறது.

1906-ல் வ.உ.சி. சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியைத் தொடங்கியபோது எதிரே நின்றது பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி. அதற்குத் தூத்துக்குடி ஏஜென்ட் ஏ. அண்ட் எஃப். ஹார்வி. சுதேசிக் கப்பலை ஒழிக்கக் கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போனது வெள்ளைக் கம்பெனி. உலகெங்கும் கப்பல் ஓட்டுகிறவருக்குக் கொழும்புத் தடத்தில் நஷ்டம் தாங்கும். ஒரே தடம் ஓட்டுகிறவருக்குத் தாங்காது. பல நாடுகளில் கிளை வைத்திருப்பதன் பலம் இதுதான்: ஓரிடத்து நஷ்டத்தை இன்னோரிடத்து லாபத்தில் கரைக்கலாம்.

1908 பிப்ரவரி 27-ல் அதே ஹார்விகளின் கோரல் மில்லில் வேலைநிறுத்தம். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் முன்னின்றார்கள். மார்ச் முதல் வாரத்துக்குள் நிர்வாகம் இறங்கிவந்து கூலியை 50 சதவீதம் உயர்த்த ஒத்துக்கொண்டது. மேனேஜிங் ஏஜென்ட் ஊரிலேயே இருந்ததால் அவரால் அவ்வளவு விரைவில் தலையசைக்க முடிந்தது என்று நான் நினைக்கிறேன். அதே காரணத்தால்தான் ஆட்சியரோடும் துணை ஆட்சியரோடும் நேரில் பேசிக் காரியம் பார்க்கவும் வெள்ளை வணிகர்களுக்கு முடிந்தது. மார்ச் 12-ல் வ.உ.சி.யும் சிவாவும் கைது; 13-ல் திருநெல்வேலியில் எழுச்சி; துப்பாக்கிச் சூட்டில் நால்வர் இறந்தார்கள்.

மாலையில் நகருக்கு வெளியே, பூட்டிக் கிடக்கும் ஸ்டெர்லைட் தாமிர ஆலைப் பக்கம் போனோம். ஆலை இயங்கத் தொடங்கியது 1990-களின் பிற்பகுதியில். அதன் மேலே வேதாந்தா. அதற்கும் மேலே லண்டனில் வேதாந்தா ரிசோர்சஸ். 2018 மே 22-லும் மறுநாளும் போராடியவர்கள் மீது நடந்த துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்தார்கள். மே 28-ல் மாநில அரசு ஆலையை நிரந்தரமாக மூட ஆணையிட்டது. 2020 ஆகஸ்டில் உயர் நீதிமன்றமும், 2024 பிப்ரவரி 29-ல் உச்ச நீதிமன்றமும் மூடியது சரி என்றன. ஓர் ஆலை இருப்பதா வேண்டாமா என்பதைத் தலைமையகமே தீர்மானிக்கும் என்று புதன்கிழமை எழுதினேன். இங்கே தலைமையகம் ஆலையைக் காப்பாற்ற எல்லாப் படியும் ஏறியது; தீர்மானித்தது ஊர். தண்ணீரும் காற்றும் யார் கையிலும் இல்லாததுபோல் நிறுவன வரைபடங்களில் விடப்பட்டிருக்கும் அந்த மூன்றாவது தரப்பை, கங்கைகொண்டானிலும் கொக்கிரகுளத்திலும் பார்த்ததை விடத் துலக்கமாக இங்கே பார்க்க முடிந்தது.

இதே குழுமம் இதே காலத்தில் லண்டனில் இன்னொரு வழக்கைச் சந்தித்துக்கொண்டிருந்தது. ஜாம்பியாவின் சிங்கோலா அருகே அதன் துணை நிறுவனம் நடத்திய தாமிரச் சுரங்கத்தின் கழிவு தங்கள் ஆற்றைக் கெடுத்தது என்று 1,826 கிராமத்தார் தொடுத்த வழக்கு. சுரங்கம் தனி நிறுவனம், தாய் நிறுவனத்தை லண்டனில் இழுக்கக் கூடாது என்பது வாதம். 2019 ஏப்ரலில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. குழுமம் முழுவதற்கும் சுற்றுச்சூழல் நெறி வகுத்து, அதை நாங்களே மேற்பார்வையிடுகிறோம் என்று தாய் நிறுவனம் வெளியிட்ட ஆவணங்களே, அதற்கும் பொறுப்பு உண்டு என்று வாதிட இடம் தருகின்றன என்றது. வழக்கு லண்டனிலேயே நடக்கலாம் என்று ஆயிற்று. 2021 தொடக்கத்தில் சமரசத்தில் முடிந்தது.

“அப்படின்னா இனிமே புத்திசாலி கம்பெனிக்காரன் கொள்கையே எழுதாம விட்டுருவானே?” என்றார் அத்தான், காரைத் திருப்பிக்கொண்டே. ஆடிட்டர் கேட்கும் கேள்வி. எழுதாமல் தப்பிக்க விடக் கூடாது என்றுதான் ஐரோப்பிய ஒன்றியம் 2024-ல் ஒரு சட்டம் கொண்டுவந்தது: பெரிய நிறுவனங்கள் தம் துணை நிறுவனங்களிலும் பொருள் தருவோரிடத்திலும் மனித உரிமைக்கும் சூழலுக்கும் நேரும் கேட்டைத் தாமே தேடிக் கண்டுபிடித்துச் சரிசெய்ய வேண்டும் என்று. 2025-ல் அதை அமலாக்கும் தேதியைத் தள்ளிவைத்தார்கள். தள்ளிவைக்கச் சொல்லி வாதாடத் தொழில் அமைப்புகளுக்குப் பிரஸ்ஸல்ஸில் நிரந்தர அலுவலகங்கள் உண்டு. ஸ்டெர்லைட் ஆலைக்குப் பக்கத்துக் கிராமமான குமரெட்டியாபுரத்துக்கோ சிங்கோலாவுக்கோ அங்கே அப்படி ஒன்று கிடையாது.